மழலையர் வகுப்பில் எழுத்து மூலைகள்



மழலையர் வகுப்பறையில் எழுத்தறிவுக்கென்று தனித்தனி மூலைகளை அமைப்பது எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இஃது ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய செய்தி என்றெண்ணிப் பெற்றோர் வானொலியை நிறுத்திவிட வேண்டா. வீட்டிலிருந்து முதன்முதலாக வெளியே காலெடுத்து வைக்கும் குழந்தைக்கு அந்த ஒற்றை அறையே ஓர் உலகம். அவ்வுலகம் எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே, எழுத்து அதற்கு உறவாகிறதா அச்சமாகிறதா என்பது முடிவாகிறது.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் நம் முன்னோர் மணலைப் பரப்பி, விரலால் எழுதச் செய்து, எழுதும்போதே வாயால் ஒலிக்கவும் செய்தனர். விரலும் கண்ணும் காதும் வாயும் ஒருங்கே தொழில்பட்டன. பின்னர்ப் பலகையும் நோட்டும் வந்தன, மணல் மறைந்தது. அதனோடு, உடம்பு முழுவதாலும் கற்பது என்னும் உண்மையும் ஓரளவு மறைந்தது. இன்று நாம் மூலைகள் என்று பேசுவது, மறைந்த அவ்வுண்மையை மீண்டும் வகுப்புக்குள் அழைப்பதேயாகும்.

இவ்வெண்ணத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. ஜெர்மனி நாட்டில் பிரோபெல் 1837-ஆம் ஆண்டில் சிறு குழந்தைகளுக்கென ஒரு நிலையம் தொடங்கி, 1840-இல் அதற்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள்படும் கிண்டர்கார்ட்டன் என்னும் பெயரை வைத்தார். உரோமாபுரியின் ஏழை மக்கள் குடியிருப்பில் 1907-இல் மரியா மாண்டிசோரி அம்மையார் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அவ்வம்மையார் 1939-இல் நம் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பது நாம் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவிப் பழகும் முறை அவருடையது. நம் மணலெழுத்துக்கு அஃது உடன்பிறந்ததன்றோ?

ஆந்திரத்து மதனப்பள்ளியை அடுத்த ரிஷி பள்ளத்தாக்கில், சிற்றூர்ப் பள்ளிகளுக்கென்று அட்டைகளும் படிநிலைகளும் கொண்ட ஒரு முறையை வகுத்தனர். அதனைத் தழுவி, 2003-ஆம் ஆண்டு தொட்டுச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் நடைபெற்றது. 2007-இல் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. பெஞ்சுகள் நீங்கிப் பாய்கள் வந்தன. குழந்தையின் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை இறங்கி வந்தது. 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பெற்றன. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், முதல் மூன்று வகுப்புகளின் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்க முற்பட்டது. வகுப்பறையில் பாடலுக்கும் கதைக்கும் படைப்புக்கும் தனித்தனிக் களங்களை வகுத்தது. ஆதலின் மூலை என்பது நமக்குப் புதிய சரக்கன்று. அதனை மலையூர் ஒன்றின் ஒற்றை அறையில் எப்படி உயிரோடு வைத்திருப்பது என்பதே கேள்வி.

நான் மலையூர் என்று சொல்வது அஞ்செட்டியையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் மனத்திற்கொண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்மேற்கு ஓரம். காடும் மேடும் காவிரியும் சூழ்ந்த இடம். ஆற்றுக்கு அப்பால் கருநாடகம். கேழ்வரகும் அவரையும் கொள்ளும் விளையும் மண். இங்கே ஒரே வகுப்பில் தமிழ் பேசும் பிள்ளையும், கன்னடம் பேசும் பிள்ளையும், தெலுங்கு பேசும் பிள்ளையும், உருது பேசும் பிள்ளையும் அருகருகே அமர்ந்திருப்பதைக் காணலாம். பெற்றோருள் பலர் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூர்க் கட்டட வேலைக்கும் சென்றுவிட, பாட்டியின் நிழலில் வளரும் குழந்தைகளும் உண்டு.

இத்தகைய குழந்தை முதல் வகுப்பில் வாய் திறவாதிருந்தால், அதனை மந்தம் என்று முத்திரை குத்திவிடுவது எளிது. மூன்றாம் வகுப்பு வரை எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை, அதன்பின் பாடநூலைக் கண்டு ஒதுங்கும். எட்டாம் வகுப்புக்குள் பள்ளியைவிட்டே ஒதுங்கும். ஆண் பிள்ளையாயின் ஆடு மேய்க்கவோ செங்கல் சுமக்கவோ போகும். பெண் பிள்ளையாயின், படிப்பு நின்ற மறுகணமே மணப்பேச்சு எழுவதை இம்மலைப் பக்கம் அறிந்தவர் அறிவர். மழலையர் வகுப்பின் மூலைகளைப் பற்றிப் பேசும்போது, நாம் உண்மையில் பேசுவது இப்பிள்ளைகளின் பதினைந்தாம் வயதைப் பற்றியே.

இனி அமைப்புக்கு வருவோம். இருபத்தைந்து குழந்தைகள், ஓர் அறை, ஓர் ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மூலைகள் போதும், மூலைக்கு ஐவர்.

முதலாவது, பேச்சு மூலை. எழுத்துக்கு முன்னே பேச்சு. ஒரு பாய், கந்தல் துணியில் செய்த நான்கு கைப்பொம்மைகள், ஒரு கண்ணாடி, இவ்வளவே முதலீடு. பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்ட குழந்தை, தன் கூச்சத்தைப் பொம்மையின் பின்னே ஒளித்துவைத்துப் பேசத் தொடங்கும். வீட்டு மொழியில் பேசட்டும், தடுக்க வேண்டா. அது சொன்ன ஒரு தொடரை ஆசிரியை தாளில் எழுதி, ஒவ்வொரு சொல்லின்கீழும் விரல் வைத்து உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். தன் வாயிலிருந்து வந்த சொல் தாளில் நிற்பதையும், மறுநாளும் அது மாறாமல் அங்கேயே இருப்பதையும் காணும் குழந்தை, எழுத்து என்றால் என்னவென்று அன்றே அறிந்துகொள்கிறது.

இரண்டாவது, நூல் மூலை. வெளிச்சம் விழும் சன்னலோரம் இதற்கு உரியது. சுவரில் ஒரு கயிறு கட்டித் துணிக்கவ்விகளால் நூல்களைத் தொங்கவிடலாம். முன்னட்டை தெரியவேண்டும், குழந்தையின் மார்பளவு உயரத்தில் இருக்கவேண்டும். பத்துப் பன்னிரண்டு படக்கதை நூல்கள் போதும். பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை சிலவற்றை மாற்றினால் ஆவல் தணியாது. நூல் கிழியுமே என்று அலமாரியில் பூட்டிவைப்பவர்கள் உண்டு. கிழியாத நூலால் பயன் என்ன? கிழிந்ததைப் பசை தடவி ஒட்டக் குழந்தைகளையே துணைக்கழைத்தால், நூலைப் பேணும் பழக்கமும் கூடவே வரும்.

மூன்றாவது, மணல் மூலை. விளிம்புயர்ந்த தட்டில் சலித்த ஆற்று மணல். அட்டையில் ஒட்டிய உப்புத்தாள் எழுத்துகள். தரையில் சாக்குக்கட்டியால் எழுதிய எழுத்தின்மேல் வரிசையாக அடுக்கப் புளியங்கொட்டைகள். சுவரின் அடிப்பகுதியில் கருவண்ணம் பூசிய பலகை. நான்கு வயதுக் குழந்தையின் விரல் எலும்புகளும் தசைகளும் இன்னும் உறுதிப்படவில்லை. பென்சிலைப் பிடித்துப் பக்கம் பக்கமாக எழுதுமாறு அதனைக் கட்டாயப்படுத்துவது, கன்றை ஏரில் பூட்டுவதற்கு ஒப்பாகும். மணலில் எழுதும் குழந்தை தவறினால் உள்ளங்கையால் தடவி அழித்துவிடும். அங்கே தவற்றுக்குத் தழும்பில்லை.

நான்காவது, ஒலி மூலை. பழைய அட்டைப் பெட்டி ஒன்றின்மேல் ப என்று எழுதி, உள்ளே பந்து, பஞ்சு, பருப்பு, பனையோலைத் துண்டு முதலியவற்றை இடுக. இன்னொன்றில் ம, உள்ளே மணி, மஞ்சள், மண்கட்டி, மரத்துண்டு. குழந்தை பொருளை எடுத்துப் பெயர் சொல்லி, அதற்குரிய பெட்டியில் சேர்க்கவேண்டும். ஒலி பிடிபட்டபின் எழுத்தட்டைகளைத் தரலாம். அகர வரிசையிலேயே தொடங்கவேண்டும் என்னும் கட்டாயமில்லை. அ என்னும் எழுத்தை வரைவது பிஞ்சு விரலுக்குக் கடினம். ட, ப, ம ஆகியவை எளிய கோடுகளால் ஆனவை. இம்மூன்றும் புள்ளியும் தெரிந்தால் படம், பட்டம், மட்டம் என்னும் சொற்களை முதல் வாரங்களிலேயே கூட்டிப் படித்துவிடலாம். தமிழுக்கு எழுத்து 247 என்று கூறி அஞ்சவைப்பாரும் உளர். உயிரும் மெய்யும் சேரும் முறை விளங்கிவிட்டால், 216 உயிர்மெய்களையும் தனித்தனியே நெட்டுருச் செய்யும் சுமை வெகுவாகக் குறைந்துவிடும்.

ஐந்தாவது, கடை மூலை. வெறும் சோப்பு உறைகள், தீப்பெட்டிகள், கொட்டாங்கச்சியால் செய்த தராசு, ஓசூர் என்றும் தேன்கனிக்கோட்டை என்றும் எழுதிய பேருந்துப் பலகைகள். ஊர்க் குழந்தைகள் பேருந்தின் முகப்பை எழுத்தறியும் முன்பே அடையாளம் காண்பார்கள். அந்த அடையாளமே படிப்பின் முதற்படி. எழுத்து உலகில் எதற்குப் பயன்படுகிறது என்பதை இம்மூலை சொல்லாமற் சொல்லும்.

இவற்றோடு, வாயிலருகே ஒரு வருகைப் பலகை வேண்டும். ஒவ்வொரு குழந்தையும் தன் பெயரட்டையைத் தானே தேடி எடுத்து ஆணியில் மாட்டிய பின்னரே உள்ளே வரவேண்டும். ஓரிரு மாதத்தில் தன் பெயரை மட்டுமன்றி, வராத தோழனின் பெயரையும் அது படித்துச் சொல்லும்.

மூலைக்குப் பதினைந்து நிமிடம். ஒரு வேளையில் மூன்று மூலைகள். மணியோசை கேட்டதும் பொருள்களை அவற்றின் இடத்தில் வைத்துவிட்டே நகரவேண்டும். ஆசிரியை ஐந்து மூலைகளுக்கும் ஓடிக்கொண்டிருத்தல் கூடாது. பேச்சு மூலையும் ஒலி மூலையும் அவர் துணையை வேண்டுவன. ஏனைய மூன்றும் தாமே நடக்கக்கூடியவை. ஆனால் முதல் நாளே ஐந்தையும் திறந்துவிட்டால் அறை சந்தையாகிவிடும். முதல் வாரம் ஒன்று, அது பழகியபின் மற்றொன்று என்று படிப்படியாகத் திறப்பதே முறை.

வீட்டு மொழியைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். குவளையைக் காட்டி இது என்ன என்று கேட்டால், கன்னடம் பேசும் குழந்தை நீரு என்கிறது. அது தமிழில்லை, தண்ணீர் என்று சொல் எனத் திருத்துவோர் உளர். நீர் என்பது பழந்தமிழ்ச் சொல்லன்றோ? மனெ என்று அக்குழந்தை சொல்வது நம் மனை. தெலுங்குக் குழந்தை இல்லு என்பது நம் இல். கன்னடத்தில் பால் என்பது ஹாலு. பல் என்பது ஹல்லு. பூ என்பது ஹூவு. பாம்பு என்பது ஹாவு. முதலில் வரும் பகரம் அங்கே ஹகரமாகியிருக்கிறது என்பதை ஆசிரியை அறிந்திருந்தால், ப என்னும் பெட்டியை வைத்துக்கொண்டே, நீ ஹாலு என்பதை நான் பால் என்கிறேன் என்று விளையாட்டாகச் சொல்லிப் பாலம் கட்டிவிடலாம். ஒரு மலைச் சிற்றூரில், ஆறு மாதம் பேசாதிருந்த சிறுமி ஒருத்தி, கேழ்வரகு நிரப்பிய கிண்ணத்தைக் கண்டு ராகி என்று சொன்ன வேளையில் நான் அருகிருந்தேன். ஆசிரியை மறுக்கவில்லை. ராகி என்று எழுதி, அதன்கீழே கேழ்வரகு என்றும் எழுதிக் கிண்ணத்தின்மேல் ஒட்டினார். மறுநாள் அச்சிறுமி மற்றக் குழந்தைகளை அழைத்துவந்து அவ்விரு சொற்களையும் விரலால் தொட்டுக் காட்டினாள். மந்தம் என்று சொல்லப்பட்டவள் ஒரே இரவில் ஆசிரியையாகிவிட்டாள்!

இம்முறைக்கு மறுப்புகள் உண்டு. பிள்ளை நாள் முழுதும் விளையாடுகிறதே தவிர நோட்டில் ஒன்றும் எழுதுவதில்லை என்பது பெற்றோரின் குறை. கூலிப் பணத்தில் நோட்டு வாங்கிக் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களை எள்ளுதல் தகாது. மாதம் ஒருநாள் அவர்களை வகுப்புக்கு அழைத்து, தம் பிள்ளை பெயரட்டையை எடுப்பதையும் கடை மூலையில் உறையைப் படிப்பதையும் காணச் செய்யவேண்டும். ஆயிரம் விளக்கத்தினும் அக்காட்சி வலிது. எழுத வராத தாயும் பேச்சு மூலையில் அமர்ந்து ஒரு கதை சொல்லலாம். தன் மொழிக்கும் பள்ளியில் இடமுண்டு என்று அவர் உணர்ந்தால், பிள்ளையின் வருகை தவறாது.

ஓர் ஆசிரியைக்கு இத்தனை வேலையா என்பது இன்னொரு மறுப்பு. இது முற்றிலும் நியாயமானது. அங்கன்வாடிப் பணியாளர் குழந்தைகளுக்குச் சத்துணவும் கவனிக்கவேண்டும், எடை பார்க்கவேண்டும், பதிவேடுகளும் எழுதவேண்டும். அவர்மேல் மேலும் ஒரு சுமையை ஏற்றிவிட்டு, மூலைகள் நடக்கவில்லையே என்று கேட்பது அறமாகாது. பதிவேடுகளைக் குறைப்பதும், உதவிக்கு ஒருவரை முழுநேரமும் நிறுத்துவதும் ஆள்வோர் கடன்.

மூன்றாவதாக ஓர் எச்சரிக்கை. பார்வையிட வருவோர்க்காக வண்ணத்தாள் ஒட்டி, அவர்கள் சென்றபின் பூட்டிவைக்கப்படும் மூலை வெறும் ஒப்பனை. அழகாயிருக்கிறதா என்று பார்க்கவேண்டா. அழுக்காயிருக்கிறதா என்று பாருங்கள். மணல் சிதறியிருந்தால், நூலின் ஓரம் மடங்கியிருந்தால், பொம்மையின் கை தைக்கப்பட்டிருந்தால், அங்கே குழந்தைகள் வாழ்கிறார்கள் என்று அறியலாம்.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு பெரிதன்று. மணல் ஆற்றிலிருக்கிறது, புளியங்கொட்டை வீட்டிலிருக்கிறது, கதை பாட்டியிடம் இருக்கிறது. நூல்களுக்கும் பாய்களுக்கும் ஊராட்சி மனம் வைத்தால் போதும். நம் மலைச் சிற்றூர்களின் பெரியோர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. அடுத்த வாரம் ஒருநாள் உங்கள் ஊர் அங்கன்வாடிக்குள் சென்று, குழந்தைகளோடு பாயில் அமர்ந்து, அவர்கள் கண் மட்டத்தில் எத்தனை எழுத்துகள் தெரிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். குறைவாயிருப்பின், நிறைப்பது உங்கள் கையில்.