சூரிய சந்திரரின் அமைப்பு
(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பூரணை இரவிலே கல்லடிப் பாலத்தருகே தோணியிலிருந்து பாடும் மீனுக்குச் செவி கொடுக்கும் நாம், வாவியில் விழும் நிலவு யாருடையதென்று எண்ணுவதில்லை. அது இரவற் பொருள். சந்திரன் ஒட்சிசன், சிலிக்கன், இரும்பு, மகனீசியம் முதலிய மூலகங்கள் சேர்ந்த பாறை. நம்மூர்க் கருங்கல்லிலும் இவையே உள. தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய எட்டிலொரு பங்கையே அது திருப்பி அனுப்புகிறது.

சூரியனிலே கல்லுமில்லை, மண்ணுமில்லை. முழுதும் வாயுப் பிழம்பு. நிறையில் நான்கில் மூன்று பங்களவு ஐதரசன். எஞ்சியது பெரும்பாலும் ஈலியம். ஒன்றரைக் கோடிப் பாகை வெப்பமுள்ள நடுவிடத்தில் ஐதரசன் ஈலியமாக மாறுகிறது. அப்போது குறையும் சிறு திணிவே நம் வயலுக்கு வெயிலாகிறது. இது அடுப்பில் விறகு எரிவது போன்றதன்று.

ஈலியத்தைக் காட்டித் தந்தது கிரகணந்தான். 1868 ஆகஸ்ட் 18இல், சந்திரன் சூரியனை முற்றாக மறைத்த நிமிடங்களில், ஆந்திர நாட்டுக் குண்டூரிலிருந்து பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் சூரிய விளிம்பின் ஒளியைப் பகுத்து நோக்கினார். அவ்வாண்டு அவ்வொளியிற் கண்ட மஞ்சட் கோடொன்று அறிந்த எம்மூலகத்துக்கும் பொருந்தவில்லை. சூரியனின் கிரேக்கப் பெயரால் அதனை ஈலியம் என்றனர். பூமியில் ராம்சே அதைக் கண்டெடுத்தது 1895இலேதான்.

கிரகண வேளையில் நம் வீடுகளிலே கதவடைத்துப் பட்டினியிருந்து, பின் நீராடுகிறோம். விரதத்தை நாம் குறை கூறவில்லை, மூத்தோர் கைக்கொள்ளட்டும். பிள்ளைகளை மாத்திரம் உள்ளே பூட்டிவைக்க வேண்டாம். வெறுங்கண்ணால் சூரியனைப் பார்ப்பது கண்ணைக் கெடுக்கும், உண்மை. ஓர் அட்டையில் ஊசித்துளையிட்டு, நிலத்தில் விழும் பிறையைக் காட்டுங்கள். அட்டை இல்லையென்றால் முற்றத்து வேம்பின் நிழலே போதும். இலையிடுக்குத் தோறும் ஒரு பிறை விழும்.