தண்ணீர் எந்தத் தெருவில் நிற்கிறது?

(பாஞ்சாலங்குறிச்சியில் நடந்த இளைஞர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



பாஞ்சாலங்குறிச்சி என்றதும் கோட்டையும் கட்டபொம்மனும்தான் நினைவுக்கு வரும். நான் வெள்ளத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். குடிதண்ணீருக்குக் குடத்தோடு அலைகிற கரிசல் காட்டில் வெள்ளமா என்று 2023 டிசம்பருக்கு முன்பு கேட்டிருப்பீர்கள். இப்போது கேட்கமாட்டீர்கள்.

டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் வருடம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட அதிகம். கோவில்பட்டியில் ஏறத்தாழ அரை மீட்டர். "இவ்வளவு பெய்தால் யார் என்ன செய்ய முடியும்?" என்றார்கள். மழையளவு கணக்கின் முதல் வரி. மற்ற வரிகளையும் படிப்போம்.

இரண்டாவது வரி, மண். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். முதல் மழையை அந்த வெடிப்புகள் குடித்துவிடும். நன்றாக நனைந்ததும் மண் உப்பி, வெடிப்பு மூடிக்கொள்ளும். அதற்குமேல் பெய்வதில் பெரும்பகுதி தரையில்தான் ஓடும். கயத்தாறு, கடம்பூர் பக்கத்துத் தண்ணீர் உப்பாற்று ஓடை வழியாகக் கோரம்பள்ளம் குளத்துக்கு வருகிறது. அந்தக் கரை உடைந்தது. தூத்துக்குடியின் தாழ்வான பகுதிகள் மூழ்கின.

மூன்றாவது வரி, வழி. தாமிரபரணிக்கு மலையிலிருந்து அணைத் தண்ணீர் வருகிறது. சீவலப்பேரியில் சிற்றாறு சேர்கிறது. அணைக்குக் கீழே சமவெளியில் பெய்த மழையை எந்த அணையும் பிடித்து நிறுத்த முடியாது. மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்ததால் ஆற்றில் லட்சம் கன அடிக்கும் மேல் போனது. ஓடைகளில் சீமைக்கருவேலம், வரத்துக்கால்களில் ஆக்கிரமிப்பு, குறுக்கே சாலை மேடு, ரயில் மேடு. போக வழியில்லாத தண்ணீர் தேங்கும், அல்லது உடைத்துக்கொண்டு போகும். ஸ்ரீவைகுண்டம் – செய்துங்கநல்லூர் இடையே தண்டவாளத்துக்குக் கீழிருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப் போயின. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது.

நான்காவது வரியை எந்த அறிக்கையும் எழுதுவதில்லை. அது சாதி.

நம் ஊர்களை நினைத்துப் பாருங்கள். மேட்டில் ஊர், பள்ளத்தில், ஓடைக்கரையில், மறுகால் பாயும் பக்கத்தில் காலனி. அந்த இடத்தை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. மேட்டு நிலம் யார் கையில் இருந்ததோ அவர்கள் மிச்சம் விட்டது அது. ஒரே மழை, ஒரே ஓடை. மேல்தெருவில் கணுக்கால் தண்ணீர், நம் தெருவில் கழுத்தளவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழகத்தின் பல ஊர்களில் மடையைத் திறந்து மூடும் நீர்க்கட்டி வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் தலித்துகள். எந்தக் கரை பலவீனம், எந்தப் பக்கம் உடையும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் பாசன நிலம் பெரும்பாலும் பிறர் பெயரில். வெள்ளத் திட்டம் போடும் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. வெள்ளம் வடிந்ததும் சேற்றை அள்ள மட்டும் ஆள் அனுப்புகிறார்கள். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகும் வெளிமாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களைத்தான் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.

ஆகவே "இயற்கைப் பேரிடர்" என்று யாராவது சொன்னால், பாதியைத்தான் சொல்கிறார்கள் என்று சொல்லுங்கள். மழை இயற்கை. பள்ளத்தில் குடியிருப்பு இயற்கை இல்லை.

ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். அவரவர் ஊருக்குப் போய், 2023-ல் தண்ணீர் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் நின்றது, எத்தனை நாள் நின்றது என்று தெருத்தெருவாக எழுதுங்கள். பெரியவர்களிடம் பழைய ஓடை எங்கே போனது என்று கேளுங்கள். அந்தக் காகிதத்தோடு கிராம சபைக்குப் போங்கள். அடைபட்ட ஓடையைத் திறக்கச் சொல்லுங்கள். மேட்டு நிலத்தில் பட்டா கேளுங்கள். நிவாரணத் தொகை ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். மேட்டில் ஒரு வீடு, அடுத்த வெள்ளத்திலும் நிற்கும்.