பழைய பேட்டரியை உடைக்காதீர்கள்



தோட்டப்புறத்தில் பேட்டரி இல்லாத வீடு ஏது? விடியுமுன் மரம் சீவப் போகிறவரின் நெற்றி விளக்குக்கு அது வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கும், சுவர்க் கடிகாரத்துக்கும், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானுக்கும், கைப்பேசிக்கும் வேண்டும். லயங்களில் இரவு முழுதும் மின்சாரம் கிடைக்காத காலத்தில், தொலைக்காட்சிப் பெட்டியே கார் பேட்டரியில் ஓடியதுண்டு. சக்தி இருக்கிற வரையில் அது நமக்குத் தோழன். தீர்ந்த பிறகோ, அடுப்படி மூலையிலும் கோழிக்கூட்டுக்குப் பக்கத்திலும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அந்தப் பழைய பேட்டரியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் வாகன பேட்டரி. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். உள்ளே இருப்பது கந்தக அமிலம் கலந்த நீர். ஈயத்துக்கு விலை உண்டல்லவா? அதனால் பேட்டரியைப் பிளந்து தகட்டை எடுத்து விற்கலாம், உருக்கித் தூண்டிலுக்குக் குண்டு வார்க்கலாம் என்று சிலருக்குத் தோன்றும். அந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம் சொல்கிறேன்.

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுத் தலைநகரான டாக்காருக்கு அருகில் தியாரோய் சுர் மேர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்து வந்தார்கள். ஈயத்தூள் படிந்த மண்ணையும் தாய்மார்கள் சலித்தார்கள். எல்லாம் வயிற்றுப் பாட்டுக்குத்தான். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அந்த ஊரில் 18 குழந்தைகள் இறந்துபோயின. இறந்த பிள்ளைகளின் உடன்பிறப்புகளையும் தாய்மாரையும் சோதித்தபோது, அவர்கள் இரத்தத்திலும் ஈய நஞ்சு ஏறியிருந்தது.

ஈயத் தூசுக்கு வாடை கிடையாது. உடையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். தவழும் பிள்ளையின் கை வழியாக வாய்க்குப் போகும். வயிற்றுவலி, இரத்தச்சோகை, படிப்பில் மந்தம் ஆகியவை அதன் விளைவுகள். இவ்வளவு ஈயம் உடம்பில் இருந்தால் கேடில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

அப்படியானால் பழைய வாகன பேட்டரியை என்ன செய்வது? உடைக்க வேண்டாம், அமிலத்தைக் கொட்டவும் வேண்டாம். மழை படாத இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாமல், ஒரு பிளாஸ்டிக் தட்டில் நிமிர்த்தி வையுங்கள். பக்கத்தில் நெருப்பு ஆகாது. அமிலம் மேலே பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். புதியது வாங்கும்போது பழையதை முழுதாகவே கடைக்காரரிடம் கொடுத்து, விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி இது அட்டவணையிடப்பட்ட கழிவு. அதைப் பிரித்து ஈயம் எடுப்பது உரிமம் பெற்ற ஆலையின் வேலை. அந்த ஈயமே மறுபடி புதுப் பேட்டரியாகிறது.

அடுத்து, டார்ச் விளக்குக் கட்டைகள். கரிக்குச்சியை எடுக்கப் பையன்கள் இவற்றை உடைப்பார்கள்; தடுத்து விடுங்கள். நெருப்பில் போட்டால் வெடிக்கும். கால்வாயில் எறிந்தால், கழிவு கடைசியில் ஆற்றைத்தான் சேரும். மூடா ஆற்று நீரைக் கெடாவும் பினாங்கும் குடிக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். கைப்பேசி பேட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பற்றிக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் அபாயமானது பொத்தான் போன்ற சிறிய பேட்டரி. குழந்தை விழுங்கி அது தொண்டைக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சுங்கைப் பட்டாணியோ கூலிமோ, எது பக்கமோ அந்த மருத்துவமனைக்கு உடனே ஓடுங்கள்.

சிறிய பேட்டரிகளின் முனைகளில் டேப் ஒட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உயரத்தில் வையுங்கள். 2015 செப்டம்பரிலிருந்து கெடாவில் வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்துப் போடும் முறை இருக்கிறது. பேட்டரியைச் சமையல் குப்பையோடு சேர்க்காதீர்கள். எங்கே ஒப்படைப்பது என்று நகராண்மைக் கழகத்திலோ சுற்றுச்சூழல் இலாகாவிலோ கேளுங்கள். லயத்துக்கு ஒரு டப்பா என்று வைத்து, பட்டணத்துக்குப் போகிறவர் ஒருவர் முறை வைத்துக் கொண்டுபோனால் யாருக்கும் சிரமமில்லை.

பேட்டரியை உடைத்தால் கிடைப்பது சில வெள்ளி. அதற்கு நம் பிள்ளைகளின் மூளையை விலையாகக் கொடுக்கலாமா? இன்றே வீட்டு மூலைகளைத் தேடிப் பாருங்கள்.