குளம் தூர்வாரும் காலத்தில் மீனுக்கும் தாமரைக்கும் ஒரு கொட்டகை

(ஒன்றிய அளவிலான பயிற்சி முகாமில், பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கோடை வந்துவிட்டது. நம் ஒன்றியத்தில் பல குளங்களும் ஊருணிகளும் இவ்வாண்டு தூர்வாரப்பட இருக்கின்றன. எத்தனை கன மீட்டர் மண் எடுப்பது, கரையை எவ்வளவு உயர்த்துவது, மதகை எங்ஙனம் செப்பனிடுவது என்பன பற்றியெல்லாம் பொறியாளர்கள் காலையில் விரிவாக எடுத்துரைத்தார்கள். அவர்கள் தொடாத ஒரு செய்தியைப் பற்றி மட்டுமே நாங்கள் இங்குப் பேச விரும்புகின்றோம். அது குளத்தில் இப்பொழுது குடியிருப்பவர்களைப் பற்றியது. விராலும், அயிரையும், அல்லியும், தாமரையும், கொட்டியும் அக்குளத்தின் பழங்குடிகள். வீட்டை இடித்துக் கட்டுகிறவன், பெண்டு பிள்ளைகள் தங்க ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்த பிறகுதான் கடப்பாரையைக் கையில் எடுக்கிறான். குளத்தைப் பழுதுபார்க்கும்போது மட்டும் இந்த முறை நமக்கு நினைவுக்கு வருவதில்லை.

குடிமராமத்து நமக்குப் புதியதன்று. ஊர் மக்களே கூடிக் குளத்தையும் வாய்க்காலையும் செப்பனிட்ட பழைய வழக்கம் அது. 2017ஆம் ஆண்டில் தமிழக அரசு அதே பெயரில் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2022 ஏப்ரல் 24ஆம் நாள் தொடங்கிய அமிர்த சரோவர் திட்டம், மாவட்டத்திற்கு 75 நீர்நிலைகளை இலக்காகக் கொண்டது. ஒவ்வொன்றும் குறைந்தது ஓர் ஏக்கர் பரப்பும், ஏறத்தாழ 10,000 கன மீட்டர் கொள்ளளவும் உடையதாய் இருக்க வேண்டுமென்று வகுத்தது. நோக்கம் உயர்ந்ததே. ஆனால் வேலை செய்யும் விதம் மாறிவிட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும். மண்வெட்டியும் கூடையும் கொண்டு பல வாரங்கள் வேலை நடந்த நாளில், ஒரு மூலையில் ஆள் இறங்கினால் மீன் மறு மூலைக்கு ஒதுங்கிற்று. இன்று பொக்லைன் இயந்திரம் இறங்கினால் சில நாள்களில் குளம் முழுவதும் ஒரே மட்டமாகிவிடுகின்றது. ஒதுங்க இடமில்லை.

எங்கள் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் இங்ஙனம் ஒரு குளம் செப்பனிடப்பட்டது. ஒப்பந்தக்காரர் மீதமிருந்த நீரை ஒரே இரவில் எஞ்சின் வைத்து இறைத்துவிட்டார். காலையில் பெரிய மீன்களை ஊரார் அள்ளிச் சென்றனர். சிறியவை சேற்றிலேயே மாண்டன. இரண்டு நாள் அந்தப் பக்கம் நடக்க முடியவில்லை. அவ்வாண்டு மழை நன்கு பெய்து, குளம் கரை தொட நிரம்பியது. பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. ஆனால் அதன் நீரில் கொசுப்புழு நெளிந்தது. அதைத் தின்னக் கெண்டைக் குஞ்சு ஒன்றுகூட இல்லை. கோயிலுக்குத் தாமரைப்பூ வெளியூரிலிருந்து விலைக்கு வந்தது. குளத்தில் நீர் இருந்தது, குளம் இல்லை என்று அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் எங்களிடம் கூறினார்.

எனவே, முதலில் யாருக்கு இடம் கொடுப்பது என்பதைத் தெளிவு செய்துகொள்வோம். பலர் எடை மிகுந்த கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றைத்தான் காப்பாற்ற நினைக்கின்றனர். அது தேவையற்றது. இம்மீன்கள் ஓடும் ஆற்றில் முட்டையிடும் இயல்புடையன. தேங்கிய குளத்தில் தாமாக இனம் பெருக்குவதில்லை. 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஒரிசாவின் அங்குல் என்னும் இடத்தில் டாக்டர் ஹீராலால் சௌத்ரி, பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி வழியே செலுத்தி, இவ்வகைக் கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார். அந்நாளே இன்று தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. அம்முறையின் பயனாக இவற்றின் குஞ்சு பண்ணைகளில் வேண்டிய அளவு கிடைக்கின்றது. ஆகவே கட்லாவையும் ரோகுவையும் பிடித்து ஏலத்தில் விற்றுவிடுங்கள். பணம் பஞ்சாயத்துக்கு வரும். விராலும், குரவையும், கெளுத்தியும், அயிரையும், உளுவையும், சிறு கெண்டைகளும் அவ்வாறல்ல. இவை குளத்திலேயே பிறந்து, குளத்திலேயே பெருகுபவை. விதை அழிந்தால், வாய்க்கால் வழியாக மற்றோர் ஏரியிலிருந்து வந்தால்தான் உண்டு. இடம் இவற்றுக்கே.

இரண்டு இனங்களுக்கு மட்டும் இரக்கம் வேண்டா. 1952ஆம் ஆண்டில் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் பெருகுகின்றது. ஆப்பிரிக்கக் கெளுத்தி மற்ற மீன்களை விழுங்கிவிடும். அதை வளர்ப்பதற்கே தடை உள்ளது. குளம் வற்றியிருக்கும் நேரமே இவற்றைக் களைய ஏற்ற நேரம். வெங்காயத் தாமரைக்கும் இதே தீர்ப்புத்தான்.

இனி, குடியிருப்பை எங்கே அமைப்பது? குளத்தின் மிகத் தாழ்ந்த மூலையே தக்க இடம். அந்த மூலையில் வேலையைக் கடைசியாக வைத்துக்கொள்ளும்படி முதல் நாளே பொறியாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இயந்திரம் வந்தவுடன் அதன் முதல் வேலையாக ஆறு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்தில் ஒரு குழி எடுக்கச் செய்யுங்கள். 24 கன மீட்டர், அதாவது 24,000 லிட்டர் நீர் பிடிக்கும். 10,000 கன மீட்டர் குளத்தில் இது கால் சதவீதம்கூட இல்லை. செலவு என்று யாரும் வாய் திறக்க இடமில்லை. களிமண் தரையாயின் நீர் தானே நிற்கும். களிமண் அடுக்கைத் துளைத்து மணலை எட்டிவிட்டால் ஒரே நாளில் நீர் கீழே இறங்கிவிடும். ஆகையால் ஆழத்தில் பேராசை கூடாது. மணற்பாங்கான இடமாயின் தார்ப்பாய் விரித்துக்கொள்ளலாம். குளம் முழுவதும் ஒரே நேரத்தில் வேலை நடந்தாக வேண்டுமெனில், கரைக்கு வெளியே மர நிழலில் இக்குழியை எடுக்கலாம்.

1,000 லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மீனுக்கு மேல் விட வேண்டா. இவ்வளவு பெரிய குழிக்கு 24 கிலோதானா என்று வியப்பீர்கள். காரணம் இருக்கின்றது. மீன் மூச்சு விடுவது நீரில் கரைந்த பிராணவாயுவைக் கொண்டு. நீர் சூடேற ஏற அதில் கரையும் பிராணவாயு குறைகின்றது. 30 டிகிரி வெப்பத்தில் நீர் முழு அளவு ஏற்றுக்கொண்டாலும் லிட்டருக்கு ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம்தான் நிற்கும். கெண்டை வகைகள் நலமாய் இருக்க ஐந்து மில்லிகிராம் வேண்டும். இடைவெளி எவ்வளவு குறுகியது, பாருங்கள். ஆதலால் குழியின் பாதிப் பரப்புக்கேனும் தென்னங்கீற்றுப் பந்தல் அவசியம். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் காற்றுக் குறைந்துவிட்டது என்று பொருள். உடனே குடத்தால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக் கொண்டிருக்க வேண்டும். சிறு மோட்டார் இருந்தால் நீரைக் கல்லின்மேல் விழச் செய்யலாம். விராலும் கெளுத்தியும் மேலே வந்து காற்றை நேரே உட்கொள்ள வல்லவை. அவை எட்டிப் பார்ப்பதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

நீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குழிக்கு அந்தக் குளத்து நீரையே முதலில் நிரப்புங்கள். நீர் குறைந்ததென்று மேல்நிலைத் தொட்டியின் குழாயைத் திருப்பிவிடுதல் கூடாது. அந்நீரில் கலந்துள்ள குளோரின் நமக்கு நன்மை. மீனின் செவுளுக்கோ நஞ்சு. வேறு வழியில்லையெனில் அதைத் திறந்த தொட்டியில் ஒரு நாள் முழுதும் வெயிலில் வைத்துப் பிறகு பயன்படுத்தலாம். ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் இல்லை. ஆனால் பிராணவாயுவும் மிகக் குறைவு. அதையும் உயரத்திலிருந்து விழச்செய்தே சேர்க்க வேண்டும்.

மாற்றும் வேலை அதிகாலையில் நடக்கட்டும். பாதியளவு நீர் உள்ள அண்டாவில், நெரிசல் இல்லாமல், ஈரக்கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். அண்டாவைக் குழி நீரில் சிறிது நேரம் மிதக்கவிட்டு, குழி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேர்த்து, அரைமணி கழித்து மீன்களைத் தாமே நீந்திப் போகவிடுங்கள். விராலைத் தனிக்குழியில் விடுவதே உத்தமம். இல்லையேல் அயிரையைக் காப்பாற்றிய புண்ணியம் விராலின் வயிற்றில் போய்ச் சேரும். அது துள்ளி வெளியேறும் இயல்பும் உடையது. குழியின்மேல் வலை கட்டாயம். அந்த வலையே கொக்கையும் நாயையும் தடுக்கும். முதல் இரண்டு நாள் இரை வேண்டா. பிறகு தவிடும் கடலைப் பிண்ணாக்கும் ஒரு கைப்பிடி. தின்னாமல் மிஞ்சுவது அழுகி நீரைக் கெடுக்கும். நீர் நாற்றமெடுத்தால் நான்கில் ஒரு பங்கை மாற்றுங்கள்.

செடிகளை மீன் குழியில் திணிக்க வேண்டா. பகலில் பிராணவாயுவை வெளியிடும் அதே வேலம்பாசி, இரவில் மீனோடு போட்டியிட்டு அதை உட்கொள்கின்றது. செடிக்குத் தனித் தொட்டிகள் போதும். உடைந்த கழனித் தொட்டிகள் ஊரில் எத்தனையோ கிடக்கின்றன. தாமரைக் கிழங்கைச் சேற்றோடு பெயர்த்து, நுனி முளை ஒடியாமல், இரண்டு கணுக்களாவது இருக்கும்படி எடுங்கள். ஓரடிக் களிமண்ணில் படுக்கையாகப் பதித்து, நுனி சற்று வெளியே தெரிய வைத்து, மேலே ஒரு சாண் நீர் நிறுத்தினால் அது பிழைத்துக்கொள்ளும். அல்லிக்கும் கொட்டிக்கும் இதுவும் வேண்டா. கிழங்கை ஈரச் சேற்றில் நிழலில் போட்டு வைத்தாலே தாங்கும்.

மேல்மண் முழுவதையும் வயலுக்கு அனுப்பிவிடாமல், நான்கைந்து டிராக்டர் பெட்டி மண்ணைக் கரையோரம் குவித்து, ஈரம் காயாமல் வைத்திருங்கள். குளத்தின் விதைப்பெட்டி அது. சீன நாட்டில் வற்றிய ஏரி ஒன்றின் மண்ணிலிருந்து எடுத்த, சுமார் 1,300 ஆண்டு வயதுடைய தாமரை விதை முளைத்திருக்கின்றது என்றால், நம் குளத்துச் சேற்றில் என்னென்ன உறங்குகின்றனவோ! சேற்றில் ஆமைகளும் புதைந்து கிடக்கும். அவற்றைப் பிடித்து வைப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். இயந்திரம் இறங்குமுன் வனத்துறையினருக்குச் சொல்லிவிடுங்கள்.

மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் இருந்தால், அவரை முதல் நாளே அழைத்துப் பேசி, விற்பது எவை, நிறுத்துவது எவை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கிவிட வேண்டும். இதைச் செய்யாத ஊர்களில் இரவில் குழி காலியாவதும், பகலில் ஒருவரை ஒருவர் சாடுவதும் வழக்கம். காவலுக்கு முறை வைத்து ஆள் நிறுத்துங்கள்.

வேலை முடிந்து முதல் மழை பெய்தவுடன் அவசரப்பட்டுத் திறந்துவிடக் கூடாது. முதல் வெள்ளம் கலங்கலாயிருக்கும். அது தெளிந்து, முழங்கால் ஆழ நீர் நின்ற பிறகு, பாதி மீன்களை விடுங்கள். ஒரு வாரம் பார்த்து மறுபாதியை விடுங்கள். சேமித்த மேல்மண்ணை ஓரங்களில் பரப்பித் தாமரையை ஒரு மூலையில் மட்டும் நடுங்கள். குளம் முழுவதும் அதற்கே ஆகிவிடக் கூடாது. குளத்துக்குள் எடுத்த குழியை மட்டும் மூட வேண்டா. ஒப்பந்தக்காரர் தரையைச் சமப்படுத்தித் தர விரும்புவார். அளவெடுக்க அது எளிது. அந்த மடு அப்படியே இருக்கட்டும். வருகிற கோடையில் குளம் வற்றும்போது கடைசி நீர் அங்கேதான் நிற்கும்; விரால் அங்கேதான் ஒதுங்கும். இதனை மதிப்பீட்டு வரைபடத்திலேயே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். வரைபடங்கள் அடுத்த வாரம் எங்கள் அலுவலகத்தில் கையொப்பத்திற்கு வருகின்றன. எந்த மூலை என்பதை உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, அதற்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.