இரத்தக் கொதிப்புக்கும் ஒரு செக்ரோல் வேண்டும்

(சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பகுதியில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெரட்டில் பேர் பதியாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. இது பால்வெட்டும் தோழருக்கும் தெரியும். செக்ரோல் எழுதும் கிராணிகளுக்கும் தெரியும். கூலிக்குக் கணக்கு வைக்கும் நாம் உடம்புக்குக் கணக்கு வைக்கிறோமா?

நம் லயத்து அண்ணன் ஒருவர், "தலைவலி போய்விட்டது, இனி மாத்திரை எதற்கு?" என்று நிறுத்திவிட்டார். ஒரு விடியற்காலை, உளி பிடித்த வலக்கை விழுந்துவிட்டது. இன்றுவரை அந்தக் கையால் சோறு பிசைய முடியவில்லை. தோழர்களே, வலி இல்லை என்பதால் நோய் போய்விட்டது என்று பொருளில்லை. இரத்தக் கொதிப்பு சத்தமின்றி மூளையையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

சிங்கப்பூரில் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் இந்நோய் உண்டு. 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில், 40 வயதும் அதற்கு மேலுமான குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு மருத்துவரைத் தேர்ந்துகொண்டு, அவரோடு தமக்கென ஒரு சுகாதாரத் திட்டம் வகுக்கிறார்கள். விடுதிகளில் தங்கும் வேலை அனுமதித் தொழிலாளருக்கு, 2022 ஏப்ரல் முதல் முதலாளி அடிப்படை மருத்துவத் திட்டம் வாங்கித் தரவேண்டும். ஞாயிறுதோறும் தேக்காவில் கூடும் நம் பிள்ளைகளே, அதில் இரத்தக் கொதிப்புக்கு என்ன உண்டென்று கூசாமல் கேளுங்கள்.

தாதியர் வகுக்கும் பராமரிப்புத் திட்டத்துக்கு ஐந்து படிகள்: நிலையை அறிதல், குறையைக் கண்டறிதல், இலக்கு வைத்தல், செய்தல், மறுபடி அளந்து பார்த்தல். கடைசிப் படிக்குக் கணக்கு நம்மிடமிருந்தே போகவேண்டும்.

அளக்குமுன் அரைமணி நேரம் காப்பியும் சிகரெட்டும் வேண்டாம். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். எண்ணை நோட்டில் எழுதுங்கள். வீட்டில் 135/85-க்குமேல் தொடர்ந்தால் தாதியிடம் காட்டுங்கள். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். கருவாடும் ஊறுகாயும் அந்தக் கணக்கில் சேரும். இரவு வேலை செய்பவர் தம் நேரத்தைத் தாதியிடம் சொல்லவேண்டும். நம் வேலைக்குப் பொருந்தாத திட்டம் ஏட்டோடு நின்றுவிடும்.

உரிமைக்குக் குரல் கொடுக்க உயிர் வேண்டும், தோழர்களே! இன்றிரவே நோட்டைத் திறப்போம். வளர்க தொழிலாளர் ஒற்றுமை!