பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

(பரிசளிப்பு விழாவில், சிங்கப்பூரிலிருந்து வருகை தந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

  

'கல்வியின் சிறப்பு' பற்றிப் பேச வேண்டுமென்றுதான் என்னை அழைத்தார்கள். அதற்கு நான்கு தாள் எழுதியும் கொண்டுவந்தேன். காலையில் தேநீர் அருந்தும்போது உங்கள் பள்ளியின் இளம் ஆசிரியை ஒருவர் என் அருகில் வந்து உட்கார்ந்தார். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிச் சில நாள்தான் ஆகிறதாம். மெல்லிய குரலில், "டீச்சர், நீங்க எப்படிச் சமாளிச்சீங்க? எனக்கு வேலையை விட்டுடலாம்போல இருக்கு" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த நான்கு தாளையும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். அவருக்குச் சொல்லும் பதிலையே உங்கள் எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன்.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான். சிங்கப்பூரில் ரப்பர்த் தோட்டமா என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். செம்பவாங், மண்டாய்ப் பக்கமெல்லாம் அந்நாளில் பால்மரக் காடுகள் இருந்தன. என் தாயார் விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுவார். கைக்குழந்தையான என்னை ஆயாக் கொட்டகையில், சேலைத் தூளியில் போட்டுவிட்டுப் போவார். மரம் வெட்டி முடித்தபின் பால் சொட்டி மங்கு நிறையச் சிறிது நேரம் பிடிக்கும் அல்லவா? அந்த இடைவேளையில் மற்றவர்கள் பசியாறுவார்கள். என் தாயாரோ கொட்டகைக்கு ஓடிவந்து எனக்குப் பால் கொடுத்துவிட்டு, மறுபடி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். வேலை செய்யும் தாய்க்குப் பாலூட்ட நாளைக்கு இரண்டு முறை அரைமணி நேரம் தர வேண்டுமென்று 1919-ஆம் ஆண்டிலேயே வாஷிங்டனில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு தீர்மானித்தது. அந்தத் தீர்மானம் என் தாயாருக்குத் தெரியாது. மரத்தில் பால் சொட்டும் நேரம்தான் அவருக்குக் கிடைத்த இடைவேளை.

அந்தத் தாய் படிக்கவைத்த பெண் நான். ஆசிரியையானேன். மணமாகித் தேக்காச் சந்தைக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியேறினோம். 1982-இல் என் மூத்த மகன் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்தான். மலாய் தெரிந்த உங்களுக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை, எருமைக் கொட்டில் என்று பெயர்! பெயர் அப்படியிருந்தாலும் 1924 முதல் பிரசவ மருத்துவமனையாக விளங்கிய இடம் அது. 1966-ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் அங்கே பிறந்து, கின்னஸ் ஏட்டிலேயே இடம்பிடித்தது.

அப்போது சம்பளத்துடன் கிடைத்த விடுப்பு எட்டு வாரம். பிரசவத்துக்கு முன் நான்கு, பின் நான்கு. முப்பதாம் நாள் சடங்குகூட முடியவில்லை, நான் சாக்குக்கட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். முதல் நாள், மதிய வகுப்பு. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளை ஏதோ காரணத்துக்காக அழுதான். அவ்வளவுதான், எனக்குப் பால் சுரந்து இரவிக்கை நனைந்துவிட்டது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கழிவறைக்கு ஓடினேன். அங்கே என் பிள்ளைக்குரிய பாலைப் பிழிந்து தொட்டியில் ஊற்றினேன். திரும்பி வந்தபோது மேலதிகாரி ஒருவர் வாசலில் நின்றார். "வீட்டு விவகாரத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவராதீங்க" என்றார். அவர்மேல் எனக்கு இன்று கோபமில்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான் பேசுவார்கள்.

அன்றிரவு ராஜினாமாக் கடிதம் எழுதினேன். மறுநாள் காலை என் தாயார் வந்தார். கடிதத்தைக் காட்டி அழுதேன். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். படித்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, ஒன்னக் கொட்டகையில போட்டுட்டுப் போனப்ப எனக்கு மட்டும் வலிக்கலன்னு நெனச்சியா? நீ படிச்சு ஒரு வேலையில நிக்கணும்னுதான போட்டுட்டுப் போனேன். இப்ப வுட்டுட்டு வந்தா, நான் ஒன்ன அழவுட்டதுக்கு என்னம்மா அர்த்தம்?" கடிதத்தை நான் கொடுக்கவில்லை.

ஆனால், தாய் சொன்ன ஒரு வார்த்தையால் எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை சொல்ல மாட்டேன். வார்த்தை தைரியம் தரும், தூளியை ஆட்டாது. அன்றிரவே நானும் என் கணவரும் உட்கார்ந்து பேசினோம். எனக்கு மதியப் பள்ளி, அவருக்கு முறைவேலை. அவர் வீட்டிலிருக்கும் நேரம் பிள்ளையைக் குளிப்பாட்டுவது, துணி அலசுவது அவர் பொறுப்பு என்று முடிவானது. "ஆம்பிள துணி அலசுறதா?" என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். அவர் வாளியை எடுத்துக்கொண்டு போனார். மாமியார் பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். என் மகன் முதன்முதலில் 'அம்மா' என்று கூப்பிட்டது அவரைத்தான். அன்று நான் குளியலறைக்குள் போய் அழுதேன். அத்தைக்கு அது தெரிந்துவிட்டது. மறுநாள் முதல் நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், "அந்தா பாரு, ஒங்க அம்மா வந்துட்டா" என்று பிள்ளையைத் திருப்பிக் காட்டுவார். அந்தப் பெருந்தன்மையை நான் மறக்க முடியுமா?

மூன்றாவது பிள்ளை 1986-இல் பிறந்தாள். 'இரண்டோடு நிறுத்துங்கள்' என்ற பிரச்சாரத்தின் காலம் அது. மூன்றாவது பிரசவத்துக்குச் சம்பளத்துடன் விடுப்பு கிடையாது. என் வளையல்கள் சிராங்கூன் சாலை அடகுக்கடைக்குப் போயின. மறு ஆண்டே, 1987-இல், 'வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள்' என்று கொள்கை மாறிற்று! என் மகளைப் பார்த்து, "ஒரு வருஷம் பொறுத்து வந்திருக்கக் கூடாதா?" என்று நாங்கள் இன்றும் வேடிக்கை செய்வதுண்டு.

காலம் மாறிக்கொண்டுதான் வருகிறது. சிங்கப்பூரில் எட்டு வாரம் 2004-இல் பன்னிரண்டாயிற்று, 2008-இல் பதினாறாயிற்று. 2025 ஏப்ரல் முதல், பிறக்கும் குழந்தை குடியுரிமை பெற்றதாக இருந்தால், தகப்பனுக்கும் நான்கு வாரச் சம்பள விடுப்பு உண்டு. உங்கள் மலேசியாவில் 60 நாள் என்றிருந்தது 2023-இல் 98 நாளாக உயர்ந்தது. தகப்பனுக்கு ஏழு நாள். தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களான பெண்களுக்கு 2021 முதல் ஓராண்டு. இவை தானாக விழுந்த கனிகள் அல்ல. பலர் கேட்டுக் கேட்டுப் பெற்றவை.

ஆனால் சட்டம் நாளைத்தான் எண்ணிக் கொடுக்கும். தொண்ணூற்றொன்பதாம் நாள் காலையில் பிள்ளையை யார் தூக்குவது என்று சட்டம் சொல்லாது. அதை வீடும் வேலையிடமும்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே தங்கையே, உனக்கு என் பதில் இது. உன் பாலைத் தொட்டியில் ஊற்றாதே. சுத்தமான பாத்திரத்தில் எடுத்த தாய்ப்பால் சாதாரண அறையில் நான்கு மணி நேரமும், குளிர்பெட்டியில் நான்கு நாளும் தாங்கும். நேரத்தை எழுதிவை. உதவி கேட்க வெட்கப்படாதே. எல்லாவற்றையும் நானே செய்தேன் என்று பெயர் வாங்குவதில் ஒரு லாபமும் இல்லை.

பள்ளி நிர்வாகத்தினருக்கு ஒரு விண்ணப்பம். தாழ்ப்பாள் உள்ள ஒரு சிறு அறை, ஒரு நாற்காலி, கால அட்டவணையில் அரைமணி நேரம் கொடுங்கள். பெரிய செலவில்லை. நல்ல ஆசிரியை ஒருவரை இழப்பதைவிட மலிவு.

தகப்பன்மார்களே, 'உதவி செய்கிறேன்' என்று சொல்லாதீர்கள். பிள்ளை உங்களுடையதும்தான். வேலைக்குப் போகும் பெண்ணைப் பார்த்து, "பிள்ளைய யாரு பாத்துக்கிறா?" என்று ஊரே கேட்கிறது. ஆணிடம் அதை யாரும் கேட்பதில்லை. இனி அவரிடமும் கேட்போம்.

மாணவச் செல்வங்களே, கடைசியாக உங்களுக்கு. ஓர் ஆண்டு என் மகன் அவனுடைய பள்ளியில் பரிசு வாங்கினான். அதே நாளில் என் பள்ளியிலும் விழா. நான் மேடையில் மற்றவர் பிள்ளைகளின் பெயரைப் படித்துக்கொண்டிருந்தேன். அவன் பெயர் படிக்கப்பட்டபோது கீழே அவன் அப்பாவும் பாட்டியும் இருந்தார்கள், நான் இல்லை. அந்தக் குறை இன்னும் இருக்கிறது. மறைக்க மாட்டேன். மாலையில் வீட்டுக்குப் போனதும், அந்தப் புத்தகத்தை என் கையில் கொடுத்து, "இப்ப நீங்க குடுங்கம்மா" என்றான். கூடத்தில் நின்று அவன் பெயரைச் சத்தமாகப் படித்தேன். அத்தை கைதட்டினார்.

இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளில் சிலருடைய தாயோ தகப்பனோ வேலையில் இருக்கலாம். வீட்டுக்குப் போய்ப் பரிசை அவர்கள் கையில் கொடுத்து மறுபடி வாங்கிக்கொள்ளுங்கள்.