படிவத்தில் இல்லாத கட்டம்

தோழர்களே, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தணிக்கைக்குப் பயன்படும் படிவங்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். வயது, சம்பளம், ஓவர்டைம், தீயணைப்பான், கழிப்பறை எண்ணிக்கை வரைக்கும் கட்டம் உண்டு. சாதிக்கு இல்லை. கேட்பதும் கம்பெனிக்குள்ளேயே. சூப்பர்வைசர் பார்க்கக் கேட்டால் "ஒரு குறையும் இல்லைங்க" என்றுதானே பதில் வரும்?

மூன்று வருடம் நூற்பாலையில் உழைத்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்ற சுமங்கலித் திட்டம் பற்றி, நெதர்லாந்தின் சோமோ, ஐசிஎன் அமைப்புகள் 2011-இல் அறிக்கை வெளியிட்டன. பெரும்பாலோர் தலித் சிறுமிகள் என்றது அது. சாதியைப் பார்த்ததால்தான் அது தெரிந்தது.

ஆய்வுக்குப் போகிறவர்கள் காலனித் தெருவில் உட்கார்ந்து கேளுங்கள். எடுத்த எடுப்பில் "என்ன சாதி?" வேண்டாம். வேலைக்குச் சேர்த்துவிட்டது யார்? சாயப்பட்டறையில் யார், தையலில் யார்? வாடகைக்கு வீடு தேடியபோது முதலில் என்ன கேட்டார்கள்? பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.